சுப்பர்சார்ஜர் பூட்டிய காரைக் கவனிப்பது எப்படி: மட்டக்களப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கல்லடியில் இருக்கிறேன். 2019 இல் எனது 1,500 சிசி டொயோட்டாவுக்கு ஒரு ரூட்ஸ் வகைச் சுப்பர்சார்ஜர் பூட்டினேன். எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி அது. 1என்இசட்-எப்இ எஞ்சின், மனுவல் கியர், பூஸ்ட் (அப்படித் தள்ளும் காற்று வளிமண்டலத்துக்கு மேல் உண்டாக்கும் அழுத்தம்) 6 பிஎஸ்ஐ. அன்றிலிருந்து காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து இதே வேலை செய்தவர்கள் போன் எடுக்கிறார்கள், சிலர் காரோடு வாசலுக்கே வருகிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். விடுபடாமல் இருக்க எழுதி வைக்கிறேன். இங்கே வரும் எண்கள் என் காருக்கு உரியவை. உங்கள் கார் வேறென்றால் காரணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, எண்ணை உங்கள் காரிலேயே அளந்து பாருங்கள்.

டர்போவும் சுப்பர்சார்ஜரும் ஒன்றுதானே?

வேலை ஒன்று, சுற்றும் வழி வேறு. டர்போவைச் சுற்றுவது புகை. சுப்பர்சார்ஜரைச் சுற்றுவது எஞ்சினிலிருந்து வரும் பெல்ட். அதனால் அக்சிலேட்டரை மிதித்த உடனே காற்று வரும். அதே காரணத்தால் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், புல்லி மூன்றும் இங்கே உயிர்நாடி.

ரூட்ஸ் என்பது அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் இருந்த இரு சகோதரர்களின் பெயர். 1860 இல் காப்புரிமை பெற்ற அவர்களுடைய ஊதுகருவி உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்று ஊதியது. காருக்குள் வந்தது பிறகுதான். அந்தப் பிறப்பு இன்றும் தெரிகிறது: ரூட்ஸ் வகை தன் வயிற்றுக்குள் காற்றை அழுத்துவதில்லை, அள்ளி அள்ளி முன்னால் தள்ளுகிறது. அழுத்தம், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மனிஃபோல்டில்தான் உண்டாகிறது. இப்படித் தள்ளுவதில் சூடு அதிகம். நம் ஊர் வெயிலில் இதை மறக்கவே கூடாது.

முதலில் எந்த மீற்றர் பூட்ட வேண்டும்?

எல்லோரும் பூஸ்ட் மீற்றரைத்தான் முதலில் வாங்குகிறார்கள். என் கருத்து வேறு. முதல் காசை வைட்பாண்ட் மீற்றரில் போடுங்கள். புகைக்குழாயில் சென்சர் பூட்டி, காற்று-எரிபொருள் விகிதத்தைக் காட்டும் மீற்றர் அது. ஒரு பங்கு பெற்றோலுக்கு எத்தனை பங்கு காற்று என்று சொல்லும், எண் கூடினால் பெற்றோல் குறைவு. அடுத்தது உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை. பூஸ்ட் மூன்றாவது. முடிந்தால் எரிபொருள் அழுத்தமும்.

காரணம் இதுதான். பூஸ்ட் குறைந்தால் கார் மெதுவாக ஓடும், அவ்வளவுதான். பூஸ்ட் இருக்கும்போது பெற்றோல் குறைந்தால் பிஸ்டன் போகும். காரோடு வரும் சாதாரண ஒக்சிசன் சென்சர் 14.7 இற்குக் கிட்டத்தான் சரியாகப் பேசும். முழு மிதியில் தேவைப்படும் 11.5, 12 போன்ற எண்களை அதனால் சொல்ல முடியாது.

என் காரில் வழக்கம் இப்படி: நின்ற இடத்தில் ஓடும்போது 14.7 ஐச் சுற்றி ஆடும். சாதாரண ஓட்டத்திலும் அப்படியே. 6 பிஎஸ்ஐ பூஸ்டில் 11.5 முதல் 11.9 வரை. முழு மிதியில் 12.5 ஐத் தாண்டினால் காலை எடுத்துவிடுவேன். அன்று வீடு போகும் வரை மெதுவாகத்தான்.

மீற்றர் பிழையாகக் காட்டுகிறது போல. எப்படி உறுதி செய்வது?

இந்தக் கேள்விக்கு என் சொந்த அனுபவத்தைத்தான் சொல்ல வேண்டும்.

2022 ஆம் ஆண்டு, பெற்றோல் வரிசைக் காலம். கியூஆர் கோட் காட்டினால் கிழமைக்கு 20 லீற்றர்தான். அவசரத்துக்கு என்று கேனில் சேர்த்து வைத்திருந்த பெற்றோலையும் ஊற்றிக்கொண்டு கொழும்புக்குப் புறப்பட்டேன். புணாணை தாண்டி, வெலிகந்தைக்கு முன்னால் ஒரு லொறியை முந்தும்போது வைட்பாண்ட் 13.8 காட்டியது. வழக்கமாக 11.7 நிற்கும் இடம். சென்சர் பழசாகிவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டு, அடுத்த லொறியையும் அதே மிதியில் முந்தினேன். மன்னம்பிட்டிக்கு வரும்போது பின்னால் நீலப் புகை. கம்பிரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பார்த்தபோது மூன்று சிலிண்டர் 190 பிஎஸ்ஐயை ஒட்டி இருந்தன, மூன்றாவது மட்டும் 110. கழற்றிப் பார்த்தால் மூன்றாம் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்திருந்தது. டாங்கிக்குள் இருக்கும் பெற்றோல் பில்டரில் துருவும் சேறும். கேனின் அடியில் கிடந்தது எல்லாம் அங்கே போய் அடைத்திருந்தது.

மீற்றர் சொன்னது உண்மை. நான்தான் நம்பவில்லை. வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டிருந்த காலம் அது. நல்ல பழைய எஞ்சின் ஒன்றைத் தேடுவதே பெரிய பாடு. கடைசியில் பிஸ்டன் மாற்றித்தான் காரை எடுத்தேன்.

இன்று யாராவது மீற்றர் பிழை என்று சொன்னால் இரண்டு சோதனை செய்யச் சொல்கிறேன். ஒன்று, எஞ்சின் சூடாகி நின்ற இடத்தில் ஓடும்போது 14.7 ஐச் சுற்றி நிற்கிறதா? இரண்டு, மூன்றாம் கியரில் போய்க்கொண்டிருக்கும்போது காலை முழுதாக எடுங்கள். அந்த நேரம் எஞ்சின் பெற்றோலை நிறுத்திவிடும், வெறும் காற்றுத்தான் வெளியே போகும். மீற்றர் அதன் உச்ச எண்ணுக்கு ஓட வேண்டும். இந்த இரண்டும் சரியென்றால் சென்சர் சரி. பிறகு மீற்றரைக் குறை சொல்லாமல் பில்டரையும் பம்பையும் பாருங்கள். புகைக்குழாய் இணைப்பில் சென்சருக்கு முன்னால் ஓட்டை இருந்தால் மட்டும் எண் பொய்யாக உயரும். அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பூஸ்ட் 6 இலிருந்து 4 இற்கு இறங்கிவிட்டது. சுப்பர்சார்ஜர் பழுதா?

பத்தில் ஒன்பது தடவை இல்லை. ரோட்டர்கள் அவ்வளவு சீக்கிரம் தேய்வதில்லை. சுற்றியுள்ள மலிவான பொருட்கள்தான் முதலில் போகும்.

மீற்றர் முள் எப்படி இறங்குகிறது என்று பாருங்கள், அதிலேயே பாதி விடை இருக்கிறது. 3,000 ஆர்பிஎம்மில் சரியாக ஏறி, 4,500 இற்கு மேல் போகப் போக இறங்கினால் பெல்ட் வழுக்குகிறது. எல்லா வேகத்திலும் ஒரே அளவு குறைவென்றால் எங்கோ காற்று ஒழுகுகிறது, அல்லது காற்றைச் சுப்பர்சார்ஜரின் பின்னாலிருந்து முன்னுக்கே திருப்பிவிடும் பைபாஸ் வால்வு முழுதாக மூடவில்லை. கீழே சரியாக இருந்து மேலே மட்டும் மூச்சுத் திணறினால் காற்று பில்டர் அடைத்திருக்கலாம். இதுவும் பெல்ட் வழுக்குவது போலவே தெரியும் என்பதால், முதலில் பில்டரைக் கழற்றிப் பார்ப்பது சுகம். அதற்கு ஐந்து நிமிடம்தான்.

பெல்ட் என்றால்: புல்லிக்குப் பக்கத்தில் கறுப்புத் தூள் படிந்திருக்கும். பெல்ட்டின் உட்புறம் கண்ணாடி போல மினுங்கும். ஓடி நிறுத்தியதும் ரப்பர் கருகிய மணம் வரும். டென்ஷனரின் சுருள்வில் தளர்ந்ததா, பெல்ட்டில் ஒயில் பட்டதா, புல்லிகள் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பாருங்கள். நேரான இரும்புச் சட்டம் ஒன்றைப் புல்லிகளின் முகத்தில் வைத்தால், ஒரு மில்லிமீற்றர் விலகல்கூடக் கண்ணுக்குத் தெரியும். சத்தம் போக்க பெல்ட்டில் ஸ்பிரே அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அடிக்காதீர்கள். இரண்டு நாள் பிடிக்கும், பிறகு தூசியை இழுத்து முன்னையதைவிட மோசமாக வழுக்கும்.

ஒழுக்கு என்றால்: எஞ்சின் குளிர்ந்தபின், உள்ளெடுக்கும் வாயை அடைத்து, 5 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்று கொடுத்து, இணைப்புகளில் சவர்க்காரத் தண்ணீர் பூசுங்கள். குமிழ் வரும் இடம் ஒழுக்கு. சூடான எஞ்சினில் கார்ப் கிளீனர் அடித்து ஒழுக்குத் தேடுவதைக் கராஜ்களில் பார்த்திருக்கிறேன். தீப்பிடிக்கும் சாமான் அது. வேண்டாம்.

பைபாஸ் வால்வு சரியா என்று எப்படிப் பார்ப்பது?

காலை எடுத்திருக்கும்போதும் மெதுவான ஓட்டத்திலும் அது திறந்திருக்க வேண்டும். அப்போது சுப்பர்சார்ஜர் சும்மா சுற்றும், காற்று சூடாகாது. மிதித்தால் மூட வேண்டும். அதைத் திறப்பது எஞ்சினின் உறிஞ்சல். மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றின் வழியாகத்தான் அந்த உறிஞ்சல் போகிறது.

அந்தக் குழாய் வெடித்தால் வால்வு எப்போதும் மூடியே கிடக்கும். சும்மா ஓடும்போதும் சுப்பர்சார்ஜர் கூவும், பெற்றோல் கூடுதலாகக் குடிக்கும், டவுனுக்குள் மெதுவாகப் போகும்போதே காற்று சூடாகும். காலை எடுக்கும்போது கார் உதறும். வால்வு துருப்பிடித்துத் திறந்தபடி இறுகிவிட்டால் பூஸ்டே வராது.

சோதனை எளிது. எஞ்சினை நிறுத்தி, குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சுங்கள். வால்வின் நெம்பு அசைந்து, உறிஞ்சலை விடாமல் பிடித்திருக்கும் வரை அங்கேயே நிற்க வேண்டும். அசையவில்லை என்றால் வால்வு. அசைந்து திரும்பி வந்தால் உள்ளே ரப்பர் கிழிந்திருக்கிறது. வெளியில் கடற்காற்றுப் படும் இந்த நெம்பு நம் பகுதியில் துருப்பிடிப்பது சாதாரணம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை துடைத்து ஒரு துளி ஒயில் விடுங்கள்.

பதுளை வழியாக நுவரெலியா போனேன், பூஸ்ட் குறைந்தது. ஊருக்கு வந்ததும் சரியாகிவிட்டது. ஏன்?

பழுதில்லை, மலைதான் காரணம். நம் கரையில் வளிமண்டல அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் அது 11.8 பக்கம். சுப்பர்சார்ஜர் தனக்குக் கிடைக்கும் காற்றை ஒரு மடங்கால் பெருக்கிக் கொடுக்கிறது. இங்கே 6 பிஎஸ்ஐ காட்டும் கார் அங்கே 5 இற்குச் சற்றுக் கீழே காட்டும். செங்கலடியில் தொடங்கி ஏ5 வீதியில் ஏறும்போது மீற்றரைப் பார்த்துக்கொண்டே போனால் இது தெரியும். திரும்பி இறங்கும்போது எண் தானாகவே வந்துவிடும்.

ஒக்டேன் 92 பெற்றோல் போடலாமா, 95 தான் வேண்டுமா?

95. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

டொயோட்டா தானே சுப்பர்சார்ஜர் பூட்டி விற்ற 4ஏ-ஜிஇசட்இ எஞ்சினில் அழுத்த விகிதத்தை (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்பதை) ஆரம்பத்தில் 8 இற்கு 1 ஆகக் குறைத்து வைத்தார்கள். என் எஞ்சின் சுப்பர்சார்ஜருக்காகப் பிறந்ததல்ல. அதன் விகிதம் 10.5 இற்கு 1. அதன் மேல் பூஸ்டும் சேரும்போது, பிளக் பொறிவதற்கு முன்பே அல்லது பொறிந்த பின் வேறோர் இடத்தில், கலவை தானாக வெடிக்கத் தயாராகிவிடும். அந்த நொக்கிங் சத்தம் தகரத்தில் சல்லிக்கல் கொட்டுவது போலக் கேட்கும். கேட்ட உடனே காலை எடுங்கள். சுப்பர்சார்ஜர் கூவும் சத்தத்தில் இது அமுங்கிப் போகும் என்பதால், முழு மிதியில் கண்ணாடியை ஏற்றி, ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்கப் பழகுங்கள்.

95 எல்லாச் செட்டிலும் எப்போதும் இருக்காது. அறுகம்பை, பொத்துவில் பக்கம் போகும்போது நான் ஊரிலேயே நிரப்பிக்கொள்கிறேன். வழியில் 92 தான் கிடைத்தது என்றால் ஊற்றுங்கள், பரவாயில்லை, ஆனால் அந்த டாங்கி முடியும்வரை பூஸ்ட் வரும் அளவுக்கு மிதிக்காதீர்கள். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவில் 92 இற்கென்று தனி மெப் (பெற்றோல் அளவும் பொறி நேரமும் உள்ள அட்டவணை) வைத்திருந்தால் நல்லது.

பிளக்கையும் சொல்லிவிடுகிறேன். என்ஜிகே, டென்சோ இரண்டிலும் எண் கூடினால் பிளக் குளிர்ச்சியானது, அதாவது சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடும். பொஷ்ஷில் தலைகீழ், எண் குறைந்தால் குளிர்ச்சி. பூஸ்ட் காருக்கு ஒரு படி குளிர்ச்சியான பிளக். இடைவெளி என் காரில் 1.1 மில்லிமீற்றராக இருந்தது, இப்போது 0.8. இடைவெளி கூடினால் பூஸ்டில் பொறி அணைந்து, உயர் வேகத்தில் கார் விட்டு விட்டு இழுக்கும். பலர் அதைப் பெற்றோல் கோளாறு என்று நினைத்து பம்பை மாற்றுகிறார்கள்.

மத்தியானம் கார் இழுக்கவில்லை, இரவில் நன்றாக இழுக்கிறது.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் இந்தக் கேள்வி கூடும். வெளியே 33 பாகை. ரூட்ஸ் வகையில் 6 பிஎஸ்ஐக்குத் தள்ளும்போது, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இல்லை என்றால், வெளியே வரும் காற்று 90 பாகையை நெருங்கும் என்று கணக்கு வரும். சூடான காற்றில் ஒக்சிசன் குறைவு, நொக்கிங் ஆபத்து கூடுதல். இசியூ அதை உணர்ந்து பொறி நேரத்தைப் பின்தள்ளுகிறது. எஞ்சினைக் காப்பாற்றத்தான் அது இழுவையைக் குறைக்கிறது. டியூன் செய்தவரிடம் சொல்லி அந்தப் பாதுகாப்பை எடுத்துவிடாதீர்கள்.

மனிஃபோல்டில் 60 பாகைக்குள் இருந்தால் எனக்குக் கவலையில்லை. 65 ஐத் தாண்டினால் நிதானமாக ஓட்டுகிறேன். காந்திப் பூங்காப் பக்கம் காரை நிறுத்தி ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்து ஸ்டார்ட் செய்து பாருங்கள், எண் 70 இற்கு மேல் நிற்கும். பொனட்டுக்குள் தேங்கிய சூடு அது. இரண்டு மூன்று நிமிடம் மெதுவாக ஓடினால் இறங்கிவிடும். கல்லடிப் பாலத்தில் ஏறிய உடனே மிதிப்பது அந்த நேரத்தில் செய்யும் பெரிய பிழை.

ரேடியேட்டருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றாதீர்கள். கரையோரக் கிணறுகளில் உவர்ப்பு உண்டு. உள்ளே படியும், அலுமினியத்தை அரிக்கும். கலந்து விற்கும் கூலன்ட் மட்டும். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளைக் கடற்காற்று அரித்துவிட்டதா என்று வருடம் ஒருமுறை பாருங்கள். விரலால் தொட்டால் உதிர்ந்தால் அதன் காலம் முடிந்தது.

சத்தம் வருகிறது. எது சாதாரணம், எது ஆபத்து?

வேகத்தோடு ஏறி இறங்கும் கூவல் சாதாரணம். நின்ற இடத்தில் ஓடும்போது முன்பக்கத்தில் கலகல என்று கேட்டு, கொஞ்சம் மிதித்தால் மறைவது பெரும்பாலும் கப்ளர். முன் மூக்குக்குள் புல்லித் தண்டையும் ரோட்டர் கியரையும் இணைக்கும் சின்னப் பொருள் அது. மலிவானது. ஆனால் நாட்பட விட்டால் அதன் ஊசிகள் உட்காரும் துளைகள் பெருத்துவிடும். உறுமல் போலத் தொடர்ந்து வந்து வேகத்தோடு கூடினால் பெயாரிங். உலோகம் உரசும் கிரீச் சத்தம் என்றால் அங்கேயே நிறுத்துங்கள், ரோட்டர் உடலைத் தொடுகிறது.

எங்கிருந்து வருகிறது என்று அறிய நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை உடலில் வைத்து, பிடியைக் காதுக்குப் பக்கத்தில் வையுங்கள். சட்டைக் கை, தலைமுடி பெல்ட்டில் படாமல் கவனம். அப்புறம் எஞ்சினை நிறுத்திக் குளிரவிட்டு, பெல்ட்டைக் கழற்றிப் புல்லியைக் கையால் சுற்றுங்கள். ஒரே சீராகச் சுற்ற வேண்டும். மேலும் கீழும் ஆட்டினால் ஆடக்கூடாது. பெல்ட்டுக்கு வழிகாட்டும் ஐட்லர் புல்லியையும் அப்படியே பாருங்கள். சுப்பர்சார்ஜர் போய்விட்டது என்று அழாத குறையாக வந்த கல்முனைத் தம்பி ஒருவருக்கு ஐட்லர் பெயாரிங் ஒன்றுதான் போயிருந்தது.

அதற்குள் ஒயில் ஊற்ற வேண்டுமா?

பல வகைகளில் கியர்களுக்கென்று தனி ஒயில் அறை உண்டு, எஞ்சின் ஒயிலோடு தொடர்பில்லை. தயாரித்தவர் சொல்லும் சுப்பர்சார்ஜர் ஒயிலைத்தான் ஊற்ற வேண்டும். எஞ்சின் ஒயிலும் கியர்பாக்ஸ் ஒயிலும் அந்த வேகத்துக்கு நுரைக்கும். என் கணக்கில் எஞ்சின் பக்கத்துக் கிராங்க் புல்லி 140, சுப்பர்சார்ஜர் புல்லி 70 மில்லிமீற்றர். எஞ்சின் 6,000 இல் ஓடினால் அது 12,000 இல் சுற்றுகிறது. பழையதாக வாங்கினால் ஒயிலை ஒருமுறை மாற்றிவிடுங்கள். அளவுக்கு மேல் நிரப்பாதீர்கள், சீல் வழியாக உள்ளே போய் நீலப் புகை வரும்.

டிப்ஸ்டிக் வழியாக ஒயில் வெளியே வருகிறது. எஞ்சின் முடிந்ததா?

முதலில் பிசிவி வால்வை, அதாவது எஞ்சின் வயிற்றுக்குள் சேரும் வாயுவை மனிஃபோல்டுக்கு அனுப்பும் வால்வைப் பாருங்கள். பூஸ்ட் வரும்போது அது மூட வேண்டும். மூடாவிட்டால் மனிஃபோல்டின் அழுத்தம் எஞ்சினின் வயிற்றுக்குள் போய், ஒயிலை வெளியே தள்ளும். புதிய வால்வு மலிவு. அதன் பின்னும் வந்தால்தான் கம்பிரஷன் பார்க்க வேண்டும். சிலிண்டர்களுக்கு இடையே 10 வீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ரிங்கை யோசிக்கலாம்.

சின்னப் புல்லி போட்டால் பூஸ்ட் கூடுமாமே?

கூடும். 70 இற்குப் பதில் 65 மில்லிமீற்றர் போட்டால் காற்று ஏறத்தாழ 7.7 வீதம் கூடும். 6 பிஎஸ்ஐ ஏழரையைத் தொடும். ஆனால் பெற்றோல் அதோடு சேர்ந்து அதிகரிக்காது! 1என்இசட் போன்ற எஞ்சினில் எரிபொருள் அழுத்தத்தை டாங்கிக்குள்ளேயே 3.2 பார் அளவில் நிலையாக வைத்திருக்கிறார்கள். மனிஃபோல்டில் 0.4 பார் பூஸ்ட் எதிர்த்துத் தள்ளினால் இன்ஜெக்டருக்கு மிஞ்சுவது 2.8. அதனால் காற்று கூடும் நேரத்தில் பெற்றோல் 6 வீதத்துக்கு மேல் குறைகிறது. இன்ஜெக்டர், பம்ப், மெப் மூன்றையும் பார்க்காமல் புல்லியை மட்டும் மாற்றுவது எஞ்சினைக் கொல்லும் வழி. சின்னப் புல்லியில் பெல்ட் பிடிக்கும் பரப்பும் குறையும், வழுக்கலும் கூடும்.

படுவான்கரைப் பக்கம் அடிக்கடி போகிறேன். தூசி பிரச்சினையா?

ஆம், பெரிய பிரச்சினை. அறுவடைக் காலத்தில் கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி வீதிகளில் வெட்டு மெசின்கள் போகும்போது எழும் தூசியில் உமியும் மணலும் கலந்திருக்கும். ரோட்டருக்கும் உடலுக்கும் இடையில் உள்ள இடைவெளி மயிரிழை. மணல் உள்ளே போனால் பூச்சு உரிந்து, காற்று பின்னுக்கு ஒழுகி, பூஸ்ட் நிரந்தரமாகக் குறையும். அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. திறந்த கூம்பு பில்டரைக் கழற்றிவிட்டு, மூடிய பெட்டிக்குள் கடதாசி பில்டர் போடுங்கள். அறுவடை மாதங்களில் நான் இரண்டு கிழமைக்கு ஒருமுறை திறந்து பார்க்கிறேன்.

ஒயில் பூசும் துணி பில்டர் என்றால் அளவோடு பூசுங்கள். கூடினால் ஒயில் காற்றளவு சென்சரில் ஒட்டும். சென்சர் காற்றைக் குறைவாகக் கணிக்கும், இசியூ பெற்றோலைக் குறைக்கும், பிறகு என் கதைதான்.

மழைக்காலத்தில் வேறு கவலை. நவம்பர், டிசம்பரில் வீதியில் நிற்கும் தண்ணீர் பெல்ட்டில் தெறித்தால் சிறிது நேரம் வழுக்கும், காய்ந்ததும் சரியாகும். வெள்ளத்துக்குள் இறக்கவே வேண்டாம். பில்டர் வாய் தாழ்வாக இருந்தால் தண்ணீரை உறிஞ்சிவிடும். கணெக்டர்களைக் கழற்றி மின்தொடர்புக் கிரீஸ் பூசிவிட்டால் உப்புக்காற்றும் அண்டாது.

காரின் இசியூவோடு இணைத்துப் போனில் பார்க்கும் ஓபிடி கருவி போதுமா?

மிக நல்ல துணை, ஆனால் வைட்பாண்டுக்குப் பதிலாகாது. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த சில பழைய கார்களில் அது இணையாது. வாங்கும் முன் ஒருவரிடம் இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

இணைந்தால் எரிபொருள் திருத்தம் என்ற எண்ணைத்தான் அதிகம் பாருங்கள். இசியூ பெற்றோலை எத்தனை வீதம் கூட்டிக் குறைக்கிறது என்பது அது. நீண்டகாலத் திருத்தம் கூட்டல் கழித்தல் 5 வீதத்துக்குள் என்றால் நலம். 10 ஐத் தாண்டினால் தேடத் தொடங்குங்கள். ஒரு நல்ல தடயம் சொல்கிறேன். காற்றளவு சென்சர் சுப்பர்சார்ஜருக்கு முன்னால் இருக்கும் கார்களில், சுப்பர்சார்ஜருக்குப் பின்னால் ஒழுக்கு இருந்தால், நின்ற ஓட்டத்தில் வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்பட்டு திருத்தம் கூட்டல் பக்கம் போகும். பூஸ்டில் அளந்த காற்றே வெளியே போவதால் வைட்பாண்ட் 11 இற்குக் கீழே இறங்கும். கீழே பெற்றோல் குறைவு, மேலே பெற்றோல் கூடுதல், இரண்டும் சேர்ந்து வந்தால் அது ஒழுக்குத்தான். பி0171 என்ற கோட் பெற்றோல் குறைவு, பி0172 கூடுதல், பி0300 பொறி தவறல், பி0325 நொக் சென்சர். நொக் சென்சர் கோட் வந்தால் அதை அழித்துவிட்டு ஓடாதீர்கள். காவல்காரனைத் தூங்க வைப்பது போன்றது அது.

எங்கே ஓட்டிச் சோதிப்பது?

காரை நின்ற இடத்திலேயே ஓட்டி இழுவையை அளக்கும் டைனோ உள்ள இடத்துக்குப் போவது சிறந்தது. கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டும் என்பது தெரியும், ஆனாலும் டியூனிங்கின்போது ஒருமுறையாவது போங்கள். அன்றாடச் சோதனைக்கு இரண்டாம் கியர் போதும். ஊருக்கு வெளியே கார்களுக்கு மணிக்கு 70 கிலோமீற்றர்தான் எல்லை. இரண்டாம் கியரில் 5,000 ஆர்பிஎம் வரை அதற்குள்ளேயே பார்த்துவிடலாம். விடியற்காலை, ஆளில்லாத நேரான துண்டு, பக்கத்தில் ஒருவர் இருந்து மீற்றரைப் பார்த்து எழுத வேண்டும். ஓட்டுபவர் வீதியை மட்டும் பார்க்கட்டும். நம் வீதிகளில் மாடு எப்போது குறுக்கே வரும் என்று சொல்ல முடியாது.

பெல்ட் வழியில் அறுந்தால் வீடு வரலாமா?

சுப்பர்சார்ஜருக்குத் தனி பெல்ட் என்றால், மெதுவாக, மிதிக்காமல் வரலாம். ரோட்டர் நிற்கும், எஞ்சின் பைபாஸ் வழியாக மூச்செடுக்கும். ஒரே பெல்ட் தண்ணீர்ப் பம்பையும் ஓட்டுகிறது என்றால் ஒரு கிலோமீற்றர்கூட வேண்டாம். டிக்கியில் ஒரு பெல்ட்டும் அதற்குரிய சாவியும் எப்போதும் இருக்கட்டும்.

காப்புறுதி, புகைப் பரிசோதனை?

பூட்டும் முன்பே காப்புறுதி நிறுவனத்திடமும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடமும் எழுத்தில் கேளுங்கள். விபத்துக்குப் பிறகு சொன்னால் பிரயோசனமில்லை. வருட வரி எடுக்க புகைப் பரிசோதனையில் தேற வேண்டும். திருத்தம் சரியாக இருக்கும் கார் தேறும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்ன பார்ப்பது?

டாஷ்போர்டில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை, குளிர்ந்த எஞ்சினில் பெல்ட், ஒயில், கூலன்ட். பிறகு ஸ்டார்ட் செய்து சூடானதும் நின்ற ஓட்டத்தில் உறிஞ்சல் எத்தனை பாதரச அங்குலம் (என் காரில் 18 முதல் 20), திருத்தம் எத்தனை. மாதம் ஒருமுறை இரண்டாம் கியர் ஓட்டத்தில் உச்ச பூஸ்ட், விகிதம், காற்று வெப்பநிலை. அன்றைய வெயிலையும் எந்தச் செட்டில் பெற்றோல் அடித்தேன் என்பதையும் பக்கத்தில் எழுதுகிறேன். 11.7 இலிருந்து 12.0, பிறகு 12.2 என்று மூன்று மாதத்தில் நகர்ந்தால் நினைவு அதைக் காட்டாது, கொப்பி காட்டும். கடந்த வருடம் பம்ப் பலவீனமானதை இப்படித்தான் கண்டுபிடித்தேன், கார் வழக்கம் போல இழுத்துக்கொண்டிருந்தபோதே.

பழைய சுப்பர்சார்ஜர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

டோர்ச் அடித்து வாய்க்குள் பாருங்கள். ரோட்டர் இதழ்களில் பூச்சு சீராக இருக்க வேண்டும். நீளக் கோடுகள் இருந்தால் மணல் போயிருக்கிறது, விட்டுவிடுங்கள். புல்லியைச் சுற்றும்போது இரண்டு ரோட்டரும் ஒன்றாக, சிக்காமல் சுற்ற வேண்டும். புல்லியை முன்னும் பின்னும் திருகினால் சிறிய இடைவெளி கப்ளரில் இருக்கும், அது மாற்றக்கூடியது. ரோட்டர் தண்டே ஆடினால் வேண்டாம். உள்ளே ஒயில் குளம் நின்றால் சீல் போயிருக்கிறது. ஒயில் அடைப்பைத் திறந்து விரலில் ஒரு துளி எடுத்து வெயிலில் பிடியுங்கள். கறுப்பாக இருந்தால் மாற்றலாம். வெள்ளித் தூள் மினுங்கினால் கியர் தேய்ந்திருக்கிறது. எந்த விலைக்குத் தந்தாலும் அதை வாங்க வேண்டாம்.